பகடை காட்டிய ஒன்று

புரட்டாசியின் பின்பாதி எங்கள் கரிசலுக்குக் காத்திருப்புக் காலம். விதை மண்ணுக்குள் இறங்கிவிட்டது. மழை இன்னும் இறங்கவில்லை. நிலத்தின் வெடிப்புகள் வாய்மூடாமல் கிடக்கின்றன. மாலைதோறும் முகில் திரண்டு, கருத்து, நெடுநேரம் நின்று, ஒரு துளியும் தராமல் கலைகிறது. கம்பும் உளுந்தும் விதைத்தவர்கள் வானத்தை அண்ணாந்து பார்ப்பதையும் குறைத்துக்கொண்டு, குரல் தாழ்த்திப் பேசுகிறார்கள். கோயில் மணியின் ஓசை வெறுங்காட்டின்மேல் வழக்கத்தைவிடத் தொலைவு சென்று அடங்குகிறது.

அத்தகைய ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில்தான் எனக்கு என்மீதே குமட்டல் உண்டாயிற்று.

கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆலை நடத்தும் பூவனலிங்கத்தின் சரக்குக் கிட்டங்கி மாடியில் நாங்கள் நால்வர் வாரந்தோறும் கூடிக் கதையாட்டம் ஆடுவோம். மூவர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அதன் வாயால் பேசி, அதன் துணிவால் நடப்பார்கள். நடத்துபவன் நான். காடும் ஆறும் பகைவரும் என் சொல்லில் எழுவார்கள். உயிருக்கு இடர் நேரும்போது மட்டும், என் முன் நிற்கும் அட்டைத் திரைக்குப் பின்னால் இருபது முகப் பகடையை உருட்டுவேன். ஒன்று விழுந்தால் இறப்பு. அது விதிநூலில் அச்சான சட்டம். வேண்டுமிடத்தில் விதியைத் தளர்த்தும் உரிமை நடத்துபவனுக்கு உண்டு என்பதும் அதே நூலில் அச்சாகியிருக்கிறது.

மூன்று வாரங்களுக்கு முன் பூவனலிங்கத்தின் படைத்தலைவன் பாலத்திலிருந்து வீழ்ந்தான். பகடையில் ஒன்று. நான் "பதினொண்ணு" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே ஆளனுப்பி வடையும் தேநீரும் வரவழைத்தார். மாடி அவருடையது, நான் சாய்ந்திருந்த மெத்தை நாற்காலியும் அவருடையது. அந்த வடையை நான் தின்றேன். அதன் காறல் எண்ணெய் இன்னும் என் நாவை விட்டு அகலவில்லை.

அந்த ஞாயிறு இசக்கிபாண்டியின் முறை. நாகலாபுரத்துக்காரன், உரத்துக்காக வயல்களில் ஆட்டுக்கிடை போடும் குடும்பத்துப் பிள்ளை, கால்நடை மருந்தகத்தில் உதவியாளன். ஈராண்டாக அவன் ஏற்றிருந்த பாத்திரம் மாசாணம் என்னும் இடையன். ஆட்டத்தில் மாசாணத்துக்கு நாற்பத்துமூன்று ஆடுகள். அவற்றுக்குப் பெயரிடுமாறு எந்த விதியும் கேட்கவில்லை. ஆயினும் ஒவ்வொன்றின் பெயரையும் அங்க அடையாளத்தையும் அவன் ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தான்.

மாசாணம் மந்தையோடு காட்டாற்றில் இறங்கினான். வெள்ளம் சுழித்தது. நான் பகடையை உருட்டினேன்.

ஒன்று.

"பன்னெண்டு" என்றேன். "மாசாணம் கரையேறிட்டான்."

இசக்கிபாண்டி மகிழவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பகடைய ஏன் அண்ணாச்சி இம்புட்டு வெரசா எடுத்தீங்க?"

"அடுத்து உருட்ட வேணும்லா."

"மத்த நேரம் அங்கனயே கெடக்கும். இந்த அண்ணன் பாலத்துல விழுந்த அன்னைக்கும் இப்படித்தான் எடுத்தீங்க."

பூவனலிங்கம் சிரித்தார். "ஏலே, ஒன் ஆளு பொழைச்சுட்டான். ஆட்ட ஓட்டிக்கிட்டுப் போவியா, போலீசு வேல பாக்க."

அவன் அவர் பக்கம் திரும்பவில்லை. "எங்கூர்ல பொண்ணு குடுக்கலாமா வேண்டாமான்னு பூக்கட்டிப் பாப்பாங்க. வெள்ளப் பூ ஒரு பொட்டலம், செவப்புப் பூ ஒரு பொட்டலம். சின்னப் பிள்ளை எடுத்துக் குடுக்கறதுதான் அம்மன் வாக்கு. பாவமா இருக்குன்னு பூசாரி பொட்டலத்த மாத்துவாரா அண்ணாச்சி?"

பாலிடெக்னிக்கில் கணிதம் கற்பிக்கும் கிருஷ்ணப்ரியா ஆட்டத்தில் வைத்தியச்சியின் பாத்திரம் ஏற்றவள். விதிநூலை மூடிவைத்துவிட்டுச் சொன்னாள்: "தளர்த்துதேன்னு சொல்லிட்டுத் தளர்த்துங்க. அதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு. விழாத எண்ணை விழுந்துச்சுன்னு சொல்ல யாரு உரிமை குடுத்தா?"

ஆறிப்போன என் தேநீரின்மேல் ஆடை படிந்து சுருங்கியிருந்தது. முதற்பொய்யை நாற்காலிக்காகச் சொன்னேன். இரண்டாவது, அந்த ஓரவஞ்சனையை மூடுவதற்காக ஒரு நேர்மையாளனுக்கு இட்ட பிச்சை. நாள்தோறும் நீறணிந்து பதிகம் ஓதும் வாய் இரண்டையும் தயக்கமின்றிச் சொல்லியிருக்கிறது.

"ஒண்ணுதான் விழுந்துச்சு" என்றேன். "அன்னைக்கும் ஒண்ணுதான்."

"தெரியாமலா வடை வாங்கிக் குடுத்தேன்?" என்றார் பூவனலிங்கம்.

அவர் அதை வெகு இயல்பாகச் சொன்னார். என்னை அவர் ஏமாளி என்று எண்ணியிருந்தாலும் பொறுத்திருப்பேன். என் விலை ஒரு வடை என்று அறிந்து, அதை எனக்கே ஊட்டியிருக்கிறார்.

"அப்போ உங்க படைத்தலைவன் செத்துட்டான்" என்றாள் கிருஷ்ணப்ரியா.

"மூணு வாரமா நான் பொணமாவா வெளையாடுதேன்?" என்றவர், சட்டென்று சிரிப்பை நிறுத்தினார். "என் மாடியில உக்காந்துக்கிட்டு என்னையே சாவடிக்கீங்களா? வேற எடம் பாத்துக்கோங்க." மேசைமேல் கிடந்த மாடிச் சாவியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

இசக்கிபாண்டி பேனாவை எடுத்து நோட்டில் மாசாணத்தின் பெயரைத் தானே கோடிட்டு அடித்தான். ஈராண்டு உழைப்பு அது. பின்னர் நோட்டைக் கிருஷ்ணப்ரியாவிடம் நீட்டினான். "உங்க வைத்தியச்சி கரையிலதான நிக்கா. ஆடு நீந்தி வந்துரும், வச்சுக்கோங்க. கருமறை கொஞ்சம் முட்டும். கொம்பொடிஞ்சாளுக்கு மட்டும் தனியாத் தண்ணி காட்டணும்."

நான் அட்டைத் திரையை மடித்துக் கிழித்தேன்.

பேருந்து நிலையத்துக்குப் போகும் வழியில் அம்மன் கோயில் இருந்தது. இசக்கிபாண்டியும் என்னோடு வந்தான். சன்னிதியில் ஓர் அகலில் எண்ணெய் வார்த்து, திரி நனைத்து ஏற்றினேன். வழக்கமாக அவ்விடத்தில் கேட்பதற்கு எனக்குப் பல இருக்கும். அன்று ஒன்றும் கேட்கவில்லை. சுடர் நிமிரும்வரை கைகூப்பி நின்றேன்.

அவன் என் பக்கம் திரும்பித் தலையைச் சற்றுத் தாழ்த்தினான். என் விரல்கள் அதற்குத் தகுதியற்றவை என்று தெரிந்தும் நீற்றை எடுத்து அவன் நெற்றியில் இட்டேன்.

"ஒன் கிடை நெறைஞ்சு இருக்கட்டும்லே. ஓடை காணாத மேட்டுலயும் மழை எறங்கட்டும்."