நாலாவது கல்லூரி

ஒரே நாளில் ஆறு கல்லூரிகள். ஒவ்வொன்றுக்கும் நாற்பது நிமிடம். கண்ணாடிக் கதவு, குளிரூட்டிய அரங்கு, ஒரு படம், ஓட்டமும் நடையுமாக ஒரு சுற்று. மறுபடி பேருந்து.

லேத் பட்டறைக்காரர் இரவு ஷிஃப்ட் முடிந்து, கையை மட்டும் கழுவிக்கொண்டு நேராக வந்து முன்வரிசையில் உட்கார்ந்தவர். மகள் பின்னால், மற்றப் பெண்களோடு. அவள் வாங்கிய மதிப்பெண்ணுக்கு விலங்கியல் எங்கும் கிடைக்காது. இப்படிக் கூட்டமாக வருகிறவர்களுக்கென்று இந்தக் கல்லூரிகள் சில இடங்களை ஒதுக்கியிருந்தன. ஒரு பிள்ளைக்கு ஒரு கல்லூரி. பட்டியலில் அந்தக் கல்லூரிக்கு இருக்கும் எண்ணைப் படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

மதியத்துக்கு மேல் ஒரு கல்லூரியிலிருந்து மகள் ஓடிவந்தாள்.

"அப்பா, ஒரு ரூம் முழுக்க எலும்புக்கூடுப்பா! ஒரு மேடம் வௌவால் எலும்ப என் கையிலயே குடுத்துட்டாங்க. எனக்கு இதுதான்பா."

தேர்வு முடிவு வந்த நாளிலிருந்து அவர் அந்தச் சிரித்த முகத்தைப் பார்த்திருக்கவில்லை.

ஆறாவது கல்லூரியும் முடிந்ததும் வழிகாட்டி படிவங்களை நீட்டினான். "அஞ்சு நிமிஷம்தான், சீக்கிரம்!"

"அப்பா, அந்த எலும்பு காலேஜ் எத்தனாவது? பேரெல்லாம் ஒரே மாதிரி இருக்கு."

அவர் விரல் விட்டு எண்ணினார். சாப்பிடுவதற்கு முன் மூன்று. சாப்பிட்ட பிறகு முதலில் போனது அது.

"நாலு. தைரியமா போடு."

முடியளவு பிசகினாலும் கண்டுபிடிக்கிற கை அவருடையது. அவள் நாலு என்று எழுதினாள்.

பேருந்து கிளம்பியது. பக்கத்து இருக்கை மருந்துக்கடைக்காரர் கேட்டார்.

"என்ன சார், நாலு போட்டீங்களே, பொண்ணு காமர்ஸா?"

"இல்ல, விலங்கியல்."

"நாலுல காமர்ஸ் மட்டும்தானே? மூணாவதுல கேட் திறக்கலன்னு நாலாவதுக்கு முதல்ல போயிட்டோமே. மூணாவதுக்கு சாப்பிட்டப்புறம்தான் போனோம். கைடு மைக்ல கத்துனான். உங்க குறட்டையில மைக்கே தோத்துப்போச்சு."

அவர் எழுந்து, ஓட்டுநர் பக்கத்தில் நின்ற வழிகாட்டியிடம் போனார். கம்பியைப் பிடிக்க மறந்து தடுமாறினார்.

"தம்பி, ஒரு நம்பர மாத்தணும்."

"படம் புடிச்சு அனுப்பியாச்சுண்ணா. பேரும் ஏறிடுச்சு."

"பத்து நிமிஷம்கூட ஆகலியே. கால்ல வேணா விழறேன் தம்பி."

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்கண்ணா. மூணாவதுல இருந்ததே ஒரு சீட்டு. அந்த ரெட்டை ஜடைப் பொண்ணு எடுத்துடுச்சு."

ரெட்டை ஜடை அவர் மகளுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். மகள் அவளுக்கு வௌவாலின் விரல் எவ்வளவு நீளம் என்று தன் கையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

அவர் மகளைத் தனியாக அழைத்துச் சொன்னார். சொல்லி முடித்தும் அவள் கை விரிந்தபடியே இருந்தது. பிறகு மடக்கிக்கொண்டாள். அழவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"பரவாயில்லப்பா. நீங்க தூங்கவே இல்லியே."

அவள் பட்டியலைத் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப நான் போகப்போற காலேஜ் எதுப்பா? அங்க என்ன இருந்துச்சு?"

அவர் யோசித்தார். கண்ணாடிக் கதவு வந்தது. குளிர்ந்த அரங்கு வந்தது. ஒரு சுவர், ஒரு மரம், ஒரு ஆளின் முகம், எதுவும் வரவில்லை.

"தண்ணி ஜில்லுன்னு இருந்துச்சும்மா," என்றார்.

அது அங்கேதான் குடித்ததா என்பதும் அவருக்கு நினைவில்லை.