ஹம்பிளி இல்லாத கடிதம்

சுந்தரராஜ் முதலாளியின் கப்பல் ஏஜென்சியில் எங்கும் எழுதிவைக்காத ஒரு சட்டம் உண்டு. முதலாளி அறைக்குள் போகிற சிப்பந்திகள் செருப்பை வாசலில் கழற்றிவிட வேண்டும். இத்தனைக்கும் அந்த அறையில் ஒரு சாமி படம்கூடக் கிடையாது.

அன்று காலை டைப்பிஸ்ட் பகவதி அதை மறந்துபோனாள். கப்பல் கிளம்புகிற அவசரம். வெள்ளைக்காரக் கேப்டன் உள்ளே காத்திருந்தார். "பேப்பர் எங்க?" என்று முதலாளி கத்தினார். தட்டி முடித்த சரக்குக் காகிதங்களோடு ஓடியவள் செருப்புக் காலோடு போய் நின்றாள். கேப்டன் பூட்ஸ் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். "மை ஹம்பிள் ஆபீஸ், கேப்டன்" என்று குழைந்துகொண்டிருந்த முதலாளியின் முகம், பகவதியின் காலைக் கண்டதும் இறுகியது.

கேப்டன் போனபின் தலைமைக் குமாஸ்தா தாணுலிங்கம் வந்தார்.

"ஏளா, செருப்போடயா உள்ள போன? முதலாளி கொதிக்காரு. மன்னிப்புக் கடிதம் குடுத்தா வேலையில இருக்கலாம். இல்லன்னா இன்னையோட சரி."

"மறந்துட்டேன் அண்ணாச்சி. அத எழுதித் தாரேன்."

"சும்மா எழுதினா ஆவாது. 'ஐ ஹம்பிளி பெக்'னு ஆரம்பிக்கணுமாம். அந்த வார்த்தை கட்டாயம் வேணும்னு சொல்லுதாரு."

பகவதியின் அப்பா உப்பளத்தில் வழுக்கி விழுந்து இடுப்பொடிந்து கிடந்தார். முத்தையாபுரத்து வீட்டில் அடுப்பு எரிவது இவள் சம்பளத்தில். அவள் டைப்ரைட்டரில் காகிதத்தைச் சொருகினாள். விரல் நகரவில்லை. ஆபீஸ் அகராதியை எடுத்து 'ஹம்பிள்' என்ற சொல்லைத் தேடினாள். எளிய, தாழ்ந்த, பணிவான என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே, வினையாக வந்தால்: ஒருவரைத் தாழ்த்து, தலைகுனியச் செய்.

முதலாளி வாயில் அந்தச் சொல் அத்தர் மாதிரி மணந்தது. அவள் கையெழுத்துக்கு மேலே வந்தால் அது வளைந்த முதுகு. மொழிபெயர்ப்பு நாவல்களில் பனியில் நின்று கும்பிடு போடும் ஏழைக் குமாஸ்தாக்களுக்காக அவள் அழுதிருக்கிறாள். ஒருத்தனாவது நிமிர்ந்து தொலைக்கக் கூடாதா என்று புத்தகத்தை வீசியும் இருக்கிறாள்.

இரண்டே வரி தட்டினாள். அவசரத்தில் செருப்போடு வந்தேன். அறை அழுக்காகியிருந்தால் வருந்துகிறேன்.

செருப்பைக் கழற்றாமலேயே கொண்டுபோய் நீட்டினாள். இந்த முறை மறதி இல்லை.

முதலாளி படித்தார். அவள் காலைப் பார்த்தார்.

"ஏளா, ஹம்பிளி எங்க?"

"அந்தச் சொல்ல கேப்டன்கிட்ட நீங்களும் சொன்னிய, முதலாளி. அப்ப உங்க காலுல செருப்பு கெடந்துது."

"வெளிய போ!"

தாணுலிங்கம் நடையில் மறித்தார். "ஒரு வார்த்தைதானளா? தட்டிட்டுப் போயேன்."

"ஒரு வார்த்தைதான் அண்ணாச்சி. அது இல்லன்னு வேலையே போவுதே, அப்ப அது சின்ன வார்த்தையா?"

தாணுலிங்கம் ஒதுங்கி வழிவிட்டார்.

தெருவில் இறங்கினாள். அப்பாவிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. துறைமுகப் பக்கம் கப்பல் ஒன்று நீளமாக ஊதியது. எதிர்வரிசையில் வேறு ஏஜென்சிகளின் பலகைகள் வெயிலில் தொங்கின. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முதலில் தெரிந்த மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்க பகவதி ஏறினாள்.