ஒயர் இல்லாத திருகு

அந்த ஹாலில் சண்டை பெரும்பாலும் காலை டீ வருவதற்கு முன்பே ஆரம்பித்துவிடும்.

திருவொற்றியூர் ஹைரோட்டில், இரும்புக் குழாய் செய்யும் ஒரு கம்பெனியின் ஆபீஸ் கட்டடம் அது. எழுபதுகளின் தொடக்கம். அந்தப் பக்கத்தில் ஏ.சி. போட்ட ஆபீஸ் என்பதே அதிசயம். கணக்குப் போடும் பெரிய மெஷின் ஒன்றைக் கம்பெனி வாங்கியிருந்தது. அதற்குச் சூடு ஆகாது. மெஷினுக்காக வந்த குளிர், பக்கத்து ஹாலில் இருந்த டைப்பிஸ்டுகளுக்கும் கணக்கர்களுக்கும் கொசுறாகக் கிடைத்தது.

ஹாலின் ஒவ்வொரு தூணிலும் திருகு வைத்த ஒரு சின்னப் பெட்டி. வலப்பக்கம் திருப்பினால் குளிர் கூடும், இடப்பக்கம் திருப்பினால் குறையும். வேர்த்து விறுவிறுத்து பஸ்ஸை விட்டு இறங்கி வருகிறவர்கள் வந்ததும் வராததுமாகக் கூட்டி வைப்பார்கள். காற்று வரும் வாய்க்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கும் செல்லக்கனி எழுந்துபோய்க் குறைத்து வைப்பாள். கணக்குப் பிரிவில் மூத்தவள், தூத்துக்குடிப் பக்கத்துக்காரி, குரலும் பெரிசு.

"நான் என்ன சீலா மீனா? ஐஸ்ல போட்டு வச்சிருக்கீங்க?" என்பாள்.

அவள் உட்கார்ந்ததும் இன்னொருவர் எழுந்திருப்பார். இப்படி ஆளுக்கு ஆள் திருகியதில், கீழே கம்ப்ரஸர் நிற்பதும் ஓடுவதுமாகத் திணறி, கடைசியில் ஒரு நடுக்கோடையில் படுத்தேவிட்டது. கணக்கு மெஷினும் கூடவே நின்றது. அந்த மாசம் தொழிலாளிகளுக்குச் சம்பளம் தாமதமாயிற்று. கேட்டில் கோஷம் எழுந்தது. அதற்கப்புறம்தான் கம்பெனி முழித்துக்கொண்டு, கட்டடத்தின் குளிர், காற்று, மோட்டார் எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து பார்த்துக்கொள்ளும்படி கன்ட்ரோல் பேனல் ஒன்றைப் போடத் தீர்மானித்தது.

வேலையை எடுத்த காண்ட்ராக்டரிடம் தலைமை ஒயர்மேனாக இருந்தவன் ஸ்டானிஸ்லாஸ். ராயபுரத்துக்காரன். அவன் பெண்சாதி ஃப்ளோரன்ஸ் அதே ஹாலில் டைப்பிஸ்ட். பெண்சாதி தலைக்கு மேலேயே வேலை என்பதில் அவனுக்குக் கொஞ்சம் கூச்சம், நிறையப் பெருமை.

ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே தவழ்ந்துபோய் ஒயர் இழுத்தான். ஒவ்வொரு தூணிலிருந்தும், ஒவ்வொரு காற்றுக் குழாயிலிருந்தும், மொட்டைமாடித் தொட்டியிலிருந்தும் ஒயர்கள் கீழ்த்தளத்து அறைக்கு இறங்கின. நுனிக்கு நுனி எண் வளையம் மாட்டி, பேனலுக்குப் பின்னால் ஜடை பின்னினது போலக் கட்டி வைத்தான். மேலே அவன் நகரும்போதெல்லாம் கீழே ஃப்ளோரன்ஸின் டைப்ரைட்டர்மேல் தூசி கொட்டும். அவள் அண்ணாந்து பார்த்து ஊதிவிட்டு மறுபடி தட்டுவாள்.

பேனலில் முதன்முதலாக விளக்குகள் எரிந்த அன்று அவனுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. இவ்வளவு பெரிய கட்டடம் இன்ன இடத்தில் சூடு, இன்ன இடத்தில் குளிர் என்று ஒரு பலகையில் வந்து சொல்கிறது. பேனலைப் பார்த்துக்கொள்ள நியமித்திருந்த ரோஷன் பாய், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்ந்த மனுஷர், பக்கத்தில் நின்று, "மாமு, கட்டடத்துக்கே நாடி புடிச்சிகீறே நீ" என்றார்.

வேலை முடிகிற சமயத்தில் கம்பெனி இன்ஜினீயர் பாஸ்கர் வந்தார். கத்திப் பேசத் தெரியாத மனுஷர். பேனலைச் சுற்றிப் பார்த்துத் திருப்திப்பட்டுவிட்டு, ஸ்டானிஸ்லாஸைத் தனியே கூப்பிட்டார்.

"ஹால் தூண்ல இருக்கற திருகையெல்லாம் பேனல்லேருந்து பிரிச்சு விட்டுடு. இனிமே ஹாலுக்கு எவ்வளவு குளிருன்னு நாம இங்கேருந்துதான் வைக்கப்போறோம்."

"சரி சார். அப்போ பொட்டிய கழட்டிட்டு ஓட்டைய அடைச்சுடட்டுமா?"

"வேண்டாம். பெட்டி அப்படியே இருக்கட்டும்."

ஸ்டானிஸ்லாஸுக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. "திருப்பினா ஒண்ணும் ஆவாதே சார்."

"ஆகாதுதான். கழட்டினா நாளைக்கே யூனியன் வரும், பிடுங்கிட்டோம்பாங்க. இருந்துட்டுப் போகட்டும். வெளிநாட்டுலகூட இப்படிச் செய்யறாங்களாம், படிச்சிருக்கேன். யாருக்கு என்ன நஷ்டம்?"

நஷ்டம் என்ன என்று அவனுக்கும் சொல்லத் தெரியவில்லை. சீலிங்குக்கு மேலே ஏறி ஒவ்வொன்றாகப் பிரித்து, நுனியில் டேப் சுற்றி, சுருட்டி வைத்தான். இறங்கி வந்து ஒரு திருகைத் திருப்பிப் பார்த்தான். உள்ளேயிருந்து 'டிக்' என்று பழைய மாதிரியே சத்தம் வந்தது. அந்தச் சத்தம்தான் அவனுக்குச் சங்கடமாக இருந்தது.

பாஸ்கர் சொன்னது பலித்தது. கம்ப்ரஸர் ஒரே சீராக ஓடிற்று, கணக்கு மெஷின் நிற்கவில்லை, ஹாலில் சண்டையும் ஓய்ந்தது. வந்தவர்கள் திருகைத் திருப்பினார்கள், 'டிக்' கேட்டார்கள், "ஆங், இப்பத்தான் சரி" என்று உட்கார்ந்தார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் காசிமேட்டிலிருந்து வாங்கி வந்த நெத்திலியைக் கிள்ளிக்கொண்டே ஃப்ளோரன்ஸ் சொன்னாள்: "உங்க கைராசிங்க. முன்னே திருப்பினா அரை மணி ஆவும். இப்போ திருப்பின கையோட சில்லுன்னு வருது. எல்லாரும் உங்களத்தான் சொல்றாங்க. எனக்கு எவ்ளோ பெருமையா கீது தெரியுமா?"

ஸ்டானிஸ்லாஸ் எழுந்துபோய்ப் பானையில் தண்ணீர் மொண்டு குடித்தான். அப்போதே சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்தபின் வாய் வரவில்லை.

வேலை முடிந்தாலும் கொஞ்ச காலம் பேனலைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு காண்ட்ராக்டருக்கு இருந்ததால், வாரத்தில் இரண்டு மூன்று தரம் அவன் அங்கே போய்வந்துகொண்டிருந்தான். அப்படிப் போன ஒரு நாள், செல்லக்கனியின் நாற்காலி காலியாக இருந்ததைப் பார்த்தான். மறுவாரமும் அப்படியே. ஃப்ளோரன்ஸைக் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது.

"அந்தக்காவுக்கு இன்னாவோ உடம்புக்கு முடியலியாம். எல்லாருக்கும் திருப்பினா குளிர் குறையுது, அவங்களுக்கு மட்டும் குறையவே மாட்டேங்குது. விரலெல்லாம் வெறைச்சுப் போவுதுன்றாங்க. 'மெஷின் சரியாத்தான் இருக்கு, எனக்குத்தான் ரத்தத்துல கோளாறு'ன்னு டாக்டராண்ட போயிகினு கீறாங்க. ரத்தம் எடுத்துப் பாத்தாச்சாம். ஒண்ணும் இல்லேன்னு சொன்னதும் இன்னும் பயந்துட்டாங்க. டாக்டருக்கே புடிபடாத வியாதியாம். நேத்து அழுதாங்க, பாவம்."

செல்லக்கனி உட்காருமிடம் ஸ்டானிஸ்லாஸுக்குத் தெரியும். அவள் தலைக்கு மேலே இருக்கும் காற்று வாயை அவன் கையால் துடைத்திருக்கிறான். மற்றவர்கள் நல்ல குளிரில் உட்கார்ந்து, தாங்கள்தான் அதைச் சரிசெய்ததாக நம்புகிறார்கள். அவள் ஒருத்திக்குத்தான் குளிர் அதிகம். திருகு பொய் என்று தோன்றாததால், தன் உடம்பைப் பொய் என்று எண்ணிவிட்டாள்.

"ஃப்ளோரா, இங்க வா, குந்து" என்றான். எல்லாவற்றையும் சொன்னான்.

முடிந்தபின் அவள் கேட்டாள்: "உங்களுக்கு மொதல்லேர்ந்தே தெரியுமா?"

"நான்தானே பிரிச்சேன்."

"அன்னிக்கு மீன் கிள்ளும்போது நான் சொன்னேனே, பெருமையா கீதுன்னு."

"ம்."

"அப்பவும் கேட்டுகினு சும்மா இருந்தீங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் கோபித்துக் கத்தியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். கத்தவில்லை. முந்தானையை இழுத்துத் தோளெல்லாம் போர்த்திக்கொண்டு, அந்த வெக்கையில், குளிருகிறவள் போல உட்கார்ந்திருந்தாள். பிறகு, "செல்லக்கனியக்காகிட்ட நான் சொல்லுவேன்" என்றாள்.

"மொதல்ல நான் சாராண்ட பேசிட்டு வந்துர்றேன். அவராண்ட சொல்லாம சொன்னா நல்லா இருக்காது."

மறுநாள் பாஸ்கரைப் பார்த்தான். அவர் பொறுமையாகக் கேட்டார். "அந்த அம்மாவோட மேஜையை வேணும்னா தள்ளிப்போடச் சொல்றேன்" என்றார்.

"அது மட்டும் போதாது சார். காரணம் சொல்லாம மேஜைய தள்ளினா, வியாதிக்காரின்னுதான் தள்ளறாங்கன்னு நெனைப்பாங்க."

பாஸ்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஸ்டானிஸ்லாஸ், போன வருஷம் சம்பளம் தாமதமாச்சே, கேட்ல நின்னு பேச்சு வாங்கினவன் நான். இப்ப எல்லாம் ஒழுங்கா ஓடுது. ஒருத்தருக்காக எல்லாத்தையும் கலைக்கச் சொல்றியா?"

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஸ்டானிஸ்லாஸ் யோசித்து, ஒன்றைச் சொன்னான். பிரித்த ஒயர் நுனிகள் சீலிங்கில் அப்படியே இருக்கின்றன. அவற்றைப் பேனலில் தூணுக்கொரு விளக்கில் கொண்டுவந்து சேர்க்கலாம். யாராவது திருப்பினால் குளிர் மாறாது, ஆனால் கீழே விளக்கு எரியும். ரோஷன் பாய் என்ன ஏது என்று விசாரித்து, வேண்டுமானால் மாற்றலாம்.

"நாள் முழுக்க எரியும். அந்தாளுக்குப் பைத்தியம் புடிக்கும்" என்று பாஸ்கர் மறுத்துவிட்டார்.

சாப்பாட்டு வேளையில் ஃப்ளோரன்ஸ், அன்றைக்கு வேலைக்கு வந்திருந்த செல்லக்கனியைப் படிக்கட்டுப் பக்கம் அழைத்துப்போய்ச் சொல்லிவிட்டாள். செல்லக்கனி டிபன் டப்பாவைக் கையில் பிடித்தபடியே திரும்பி வந்து, தூணருகே நின்று, திருகை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினாள். டிக். டிக். ஹாலே அவளைப் பார்த்தது. அவள் களுக்கென்று சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்லல்லா? நான் நல்லாத்தானே இருக்கேன்?" என்றாள் ஃப்ளோரன்ஸிடம். டப்பாவை மேஜைமேல் வைத்துவிட்டு நேரே இன்ஜினீயர் அறைக்கு நடந்தாள்.

ஸ்டானிஸ்லாஸைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். பாஸ்கர் அவனை நிமிர்ந்து பார்த்து, "உன் மூலமா வந்ததுதானே?" என்றார்.

"ஆமா சார்."

"அவர ஒண்ணும் சொல்லாதீங்க சார்" என்றாள் செல்லக்கனி. "அவரு சொல்லலேன்னா நான் நெஞ்சுப் படம் எடுக்கப் போயிருப்பேன். வீட்டுல புள்ளைங்கள யாரு பாப்பான்னு ராவும் பகலும் கெடந்து நடுங்குனேன். ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன். என்னைப் பாத்து எதுக்கு சார் இப்படிச் செஞ்சீங்க?"

"உங்களப் பாத்து இல்லம்மா. நீங்க எல்லாரும் தினம் சண்டை போட்டீங்க..."

"போட்டோம். அந்தச் சண்டையாவது நெசமா இருந்துச்சே சார்."

தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஊரையெல்லாம் குளிர வைத்தவரின் அறையில் ஏ.சி. இல்லை என்பதை ஸ்டானிஸ்லாஸ் அப்போதுதான் கவனித்தான். பாஸ்கர் எழுந்து ஹாலுக்குப் போனார். இவர்கள் பின்னால் போனார்கள். எல்லோருக்கும் கேட்கும்படி, சுற்றிவளைக்காமல், திருகில் ஒயர் இல்லை, பிரிக்கச் சொன்னது தான்தான் என்று சொன்னார்.

எதிர்பார்த்த கூச்சல் எழவில்லை. சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். மூலையில் இருந்த வயதான கணக்கர் மட்டும் விடவில்லை. "இல்ல சார், நீங்க தப்பா சொல்றீங்க. எங்க தூண்ல இருக்கறது வேலை செய்யுது. காலையிலகூட திருப்பினேன், குளிர் வந்துச்சு." பாஸ்கர் எவ்வளவு சொல்லியும் அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

செல்லக்கனியின் மேஜை அன்றைக்கே ஜன்னல் ஓரத்துக்கு நகர்ந்தது. அதை நகர்த்த இத்தனை காலம் யாருக்கும் தோன்றவில்லை. கையெட்டும் தூரத்தில் திருகு இருக்கிறதே என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள், அவள் உட்பட.

தான் மறுத்த விளக்கு யோசனையைப் பாஸ்கரே மறுபடி கையில் எடுத்தார். ஸ்டானிஸ்லாஸ் மறுபடி சீலிங்குக்கு மேலே ஏறி டேப்பைப் பிரித்தான். முதல் வாரம் பாஸ்கர் பயந்தபடியே விளக்குகள் அணையவேயில்லை. ரோஷன் பாய், "இன்னா பேஜாருபா இது, கிரேனே தேவல" என்று கீழேயிருந்து ஹாலுக்குப் போனில் கத்தினார். போகப்போகக் குறைந்தது. சில நாள் பழைய சண்டையும் எட்டிப் பார்த்தது. அப்போது ரோஷன் பாய் மேலே வந்து, தூணில் சாய்ந்து நின்று பஞ்சாயத்துப் பேசுவார். கடைசியில் யாருக்காவது சால்வையோ, யாருக்காவது இடமாற்றமோ கிடைக்கும்.

காண்ட்ராக்டருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. கம்பெனி விஷயத்தில் ஒயர்மேனுக்கு என்ன வாய் என்று, ஸ்டானிஸ்லாஸை எண்ணூரில் வேறொரு வேலைக்கு மாற்றிவிட்டார். கடற்காற்றில் குழாயெல்லாம் துருப்பிடிக்கும் இடம். பஸ்ஸும் ஒழுங்காக வராது. அவன் முணுமுணுக்காமல் போனான்.

ஃப்ளோரன்ஸ் அவனோடு பேசிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் கொஞ்ச காலத்துக்கு, அவன் எது சொன்னாலும் ஒரு கணம் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினாள். ரசம் நன்றாக இருக்கிறது என்றால்கூட, "நெஜமாவா?" என்பாள். அவன், "கொஞ்சம் புளி ஜாஸ்தி" என்று உள்ளதைச் சொல்லக் கற்றுக்கொண்டான்.

ஒரு நாள் எண்ணூரிலிருந்து களைத்து வந்தவனுக்குக் காப்பி கொடுத்துவிட்டு, அவள் தானாகவே பேச ஆரம்பித்தாள். அன்று அவள் ஹாலில் திருகைத் தொட்டாளாம். விஷயம் தெரிந்ததிலிருந்து அந்தப் பக்கமே போகாதவள், சும்மா ஒரு திருப்புத் திருப்பியிருக்கிறாள். உடனே மேஜைமேல் போன் அடித்திருக்கிறது.

"ரோஷன் பாய். 'இன்னாம்மா, குளிருதா, புழுங்குதா?'ன்னு கேக்கறாரு. எனக்கு இன்னா சொல்றதுன்னே தெரியல. 'ஒண்ணும் இல்ல பாய், யாராச்சும் கீறாங்களான்னு பாத்தேன்'னு சொல்லிட்டேன்."

"அவரு இன்னா சொன்னாரு?"

"'கீறேன், கீறேன், வைம்மா போனை'ன்னாரு."

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்டானிஸ்லாஸும் சிரித்தான். காப்பி ஆறுவதற்குள் குடிக்கச் சொல்லி டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினாள்.