சாமான் தூக்கிய ஜக்கையன்

மலைக்காய்ச்சலை ஆராயச் சென்னையிலிருந்து போடிக்கு வந்த டாக்டர் சோலைமலைக்குப் பேருக்குப் பின்னால் பட்டங்கள் கூட்ஸ் வண்டி நீளம். உதவி ஆராய்ச்சியாளன் ஜக்கையனுக்கு ஒரே பட்டம்தான். ஆனால் குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்து ஓடைகளில் அட்டைகளுக்கு ரத்தம் கொடுத்து அலைந்து, காய்ச்சல் பரப்பும் கொசு எங்கே முட்டையிடுகிறது என்று கண்டுபிடித்தவன் அவன். லண்டன் பத்திரிகையில் கட்டுரை டாக்டர் பெயரில் வந்தது. அடியில் பொடி எழுத்தில் ஒரு நன்றி: சாமான் தூக்கிய ஜக்கையனுக்கு.

ஜக்கையன் கோபப்படவில்லை. கோபம் ஆறிவிடும், அவனுக்கு ஆறாத ஒன்று வேண்டியிருந்தது.

டாக்டர் மைக்ராஸ்கோப்பில் தானாக எதையும் தேடமாட்டார். கிருமி இருக்கும் இடத்தைச் சுற்றி ஜக்கையன் ரத்தம் தடவிய கண்ணாடித் துண்டில் மையால் வட்டம் போட்டுவைக்க வேண்டும். அவர் வட்டத்துக்குள் எட்டிப்பார்த்து, அப்போதே நினைத்தேன் என்பார். கிருமி தெரிவதற்காக ரத்தத்துக்குப் போடும் ஊதாச் சாயத்தை வடிகட்டாவிட்டால் கசடு கிருமிபோலவே புள்ளி புள்ளியாக ஒட்டிக்கொள்ளும். ஜக்கையன் வடிகட்டுவதை நிறுத்தினான். கசடு திரண்ட இடமாகப் பார்த்து வட்டம் போட்டான். டாக்டர் புதுக்கிருமி கண்டார்; அதற்குத் தம் பெயரையே சூட்டினார்.

பெருமையை ஊரறியச் சொல்ல ஏலக்காய் வியாபாரிகள் மண்டபத்தில் கூட்டம். சென்னையிலிருந்து ஒரு நிபுணரும் வந்திருந்தார். ஜக்கையன் நீட்டிய கண்ணாடியை வைத்து எட்டிப்பார்த்த டாக்டர், குரங்கணித் தொழிலாளி ரத்தத்தில் தம் கிருமி மந்தை மந்தையாக மேய்வதாக அறிவித்து, நிபுணருக்கு இடம்விட்டார்.

நிபுணர் வட்டத்தைத் தாண்டிக் கண்ணாடியை நகர்த்திப் பார்த்தார். இன்னும் நகர்த்தினார். ரத்தம் எங்கே என்று கேட்டார்.

"ரத்தம் வைக்கவே இல்லீங்க," என்றான் ஜக்கையன் பணிவாக. "வெறுங் கண்ணாடியில சாயத்த ஊத்திக் காயவச்சது. வட்டம் மட்டும் போட்டேன். ஐயா அதத் தாண்டிப் பாக்கமாட்டாகளே."

வியாபாரிகளுக்குக் கிருமி தெரியாது. ஆனால் மூட்டைக்குள் கையை விட்டுப் பார்க்காமல் மேல்காயை மோந்துவிட்டு ஏலம் கேட்பவனை நன்றாகத் தெரியும்.

"மேல்காயப் பாத்தே மூட்டைய எடுத்துட்டாரப்பா," என்றார் முன்வரிசை வியாபாரி மொக்கச்சாமி. மண்டபம் குலுங்கியது.

மறுநாள் மதுரை ரயிலுக்குக் கிளம்பிய டாக்டருக்குக் கூலியாள் கிடைக்கவில்லை; யாரும் போகவேண்டாம் என்று ஜக்கையன் சொல்லிவைத்திருந்தான். அவனே வந்து பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டான்.

"வாங்கய்யா. சாமான் தூக்கத்தான் நான் இருக்கேனே."

ஸ்டேஷனுக்குக் குறுக்குவழி உண்டு. அவன் கடைத்தெரு வழியாக நடந்தான். கடைக்குக் கடை நின்று, ஐயா ஊருக்குப் போறாக என்று சொன்னான். பெட்டி அவன் தலையில் இருந்ததால் டாக்டரும் கடைக்குக் கடை நின்றார்.