கோழி எரு

தம்பி மூட்டையைக் காரிலிருந்து இறக்கியதுமே நாற்றம் கூடத்துக்குள் வந்துவிட்டது. பண்ணையில் அன்று காலை அள்ளிய கோழி எரு, ஈரம்கூடக் காயவில்லை. அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஓடி வந்தாள்.

"இதை இப்படியே போடக் கூடாதுடா. வேரைச் சுட்டுடும். இலைதழையோட சேர்த்து நல்லா மட்கவிட்டுதான் போடணும்."

"நான் என்ன ரசாயனமா போடறேன்? எல்லாம் இயற்கைதானேக்கா. மட்கற வரைக்கும் எனக்கு லீவு ஏது?"

ஜன்னலோரக் கட்டிலிலிருந்து அப்பா குரல் கொடுத்தார். "ஆசையா வாங்கிட்டு வந்திருக்கான். எதுக்கெடுத்தாலும் ஒரு நொட்டை சொல்லாதே."

மதில் ஓரம் வரிசையாக நின்ற அலங்காரப் பனைகள் அப்பாவின் பெருமை. வருகிறவர்களிடமெல்லாம் "பையன் வாங்கிக் கொடுத்த கன்னுங்க" என்பார். கன்று வாங்கியது அவன்தான். ஆனால் அந்த மண் அன்றைக்குக் கடப்பாரை இறங்காத களிமண். புருஷனோடு ஒத்துப்போகாமல் இந்த வீட்டுக்குத் திரும்பியிருந்த அக்காதான் அதைக் கிளறி, மணலும் தேங்காய் நார்த்தூளும் கலந்து, காய்கறித் தோலையும் சருகையும் மட்க வைத்துப் போட்டுப் போட்டு, விரலை வைத்தால் உள்ளே போகிற மண்ணாக்கினாள். வாதத்தில் அப்பாவின் கால் விழுந்த பிறகு, அவரைத் துடைத்துவிட்ட கையோடு நேரே அங்கேதான் போவாள். அந்த வீட்டில் அவளைக் கேள்வி கேட்காத இடம் அது ஒன்றுதான்.

தம்பி மூட்டை மொத்தத்தையும் பனைகளின் அடிமரத்தை ஒட்டிக் குவித்தான். படம் எடுத்துக்கொண்டான். இரண்டு நாள் கழித்து ஊருக்குப் போனான். அவன் கார் தெருமுனை திரும்பியதும் அவள் எருவை வழித்து எடுத்தாள். வேரில் இறங்கிய சூடு தணியட்டும் என்று தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினாள். ஆனால் நடுவில் ஒரு மழை பெய்து சாரம் ஆழத்துக்கு இறங்கிவிட்டிருந்தது. மாதம் முடிவதற்குள் ஓலை நுனிகள் தீய்ந்து, பழுப்பு நடுநரம்பு வரை ஏறியது.

அப்பா அலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு அவனிடம் சொன்னார்: "எல்லாம் போச்சுடா. உங்க அக்கா தண்ணிய ஊத்தி ஊத்தி அழுக வெச்சுட்டா."

"விடுங்கப்பா, அக்காவைத் திட்டாதீங்க. பாவம், அவளுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

அவள் அலைபேசியை வாங்கினாள். "நீ போட்ட எருதான்டா."

"சரிக்கா, யார் போட்டா என்ன. அடுத்த தடவை வேற கன்னு வாங்கிட்டு வரேன்."

"கேட்டியா?" என்றார் அப்பா. "அந்த மனசு யாருக்கு வரும்?"

அவருடைய தலையணையைச் சரிசெய்துவிட்டு வெளியே வந்தாள். உயிர் இருக்கிறதா என்று பார்க்க, முதல் மரத்தின் நடுக்குருத்தைப் பிடித்து மெல்ல இழுத்தாள். எந்தத் தடையும் இல்லாமல் கையோடு வந்துவிட்டது. அதன் அடி கூழாகியிருந்தது, புளித்த வாடை. அதைக் கீழே போட்டுவிட்டு அடுத்த மரத்தின் குருத்தைப் பிடித்தாள். அது வரவில்லை. இன்னும் பலமாக இழுத்துப் பார்க்கத் தைரியம் இல்லாமல், விடவும் மனம் இல்லாமல், அதைப் பிடித்தபடியே நின்றாள்.