மூன்றாவது மேடு

ஏரிக்கரையில் கால் வைக்கும்போதே மோகனப்ரியாவுக்கு அந்த நினைப்புதான். நாளைக்கு ஆராய்ச்சி அறிக்கை கொடுத்தாக வேண்டும். கொடுத்தால் இந்த ஏரியில் இரண்டு வருஷத்துக்கு வலை போடத் தடை வந்துவிடும். வலையை நம்பிப் பிழைக்கும் தேவகியக்காவிடம் அவள் இன்னும் மூச்சுவிடவில்லை.

ஆனால் கணக்கு கணக்குதான். போன ஆவணியிலிருந்து வாராவாரம் இங்கே பிடிபடும் விரால்களைப் பலகையில் கிடத்தி, நீளம் பார்த்து, வரைபடம் போட்டிருந்தாள். ஒரே வயது மீன்களெல்லாம் ஏறக்குறைய ஒரே நீளம் இருக்கும். படத்தில் ஒரு மேடாகக் குவியும். எத்தனை மேடோ அத்தனை வயது. அவள் படத்திலோ இரண்டே மேடு. முழ நீளத்தில் ஒன்று, அதற்குக் கொஞ்சம் குறைவாக ஒன்று. சாண் நீள இளசுகளின் இடம் துடைத்துவிட்டாற்போல் காலி. இங்கே விரால் குஞ்சு பொரிப்பதே நின்றுவிட்டது என்று அவளுடைய பேராசிரியர் கங்காதரன் முடிவு கட்டிவிட்டார்.

அன்று ஆடிக் கிருத்திகை. தணிகை மலைக்குக் காவடிக் கூட்டம் அலைமோதியது; ஊரே கவுச்சி தொடாது. அரக்கோணம் வியாபாரிக்காக மட்டும் வலை இழுத்திருந்தார்கள். தேவகி வழக்கம்போலப் பெரிய மீன்களை அவள் பக்கம் தள்ளினாள். பின்னால் ஓர் அன்னக்கூடையில் ஏதோ துள்ளியது. மோகனப்ரியா எட்டிப் பார்த்தாள். கூடை கொள்ளாமல் சாண் நீள விரால்கள்!

"அக்கா! இது எங்கேர்ந்து வந்துச்சு?"

"எங்கேர்ந்து வரும்? வாராவாரம் வலையில வந்துகினுதான் கீது. சின்னத யாவாரி எடுக்கமாட்டான். நீ பஸ்ஸு புடிச்சு வர்றதுக்குள்ள நம்ம தெரு பொம்பளைங்க கொழம்புக்கு அள்ளிகினு பூடுவாளுங்க. இன்னிக்குக் கிருத்திகையாச்சே, ஒருத்தியும் வரல."

"என்கிட்ட ஏன்க்கா காட்டல?"

"அளக்கற பொண்ணுக்குப் போயி பொடிசையா குடுப்பாங்க? நல்லதாப் பாத்து எடுத்து வச்சேன்."

திட்டுவதா, கட்டிக்கொள்வதா? கட்டியே கொண்டாள். இருவர் மேலும் சேறு. பிறகு ஒவ்வொன்றாக அளந்தாள். காலி இடத்தில் புள்ளிகள் குவியக் குவிய, மேடு ஜம்மென்று எழுந்தது. அப்படியே பேராசிரியரைப் போனில் கூப்பிட்டாள்.

"சார், இளசு இருக்கு சார்! கூடை கூடையா இருக்கு!"

நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் பெருமூச்சு விட்டார். "சரி, தடைப் பேச்சை விடு. ஆனா ஒரு வருஷமா நீ எடுத்த அளவெல்லாம் வீணாச்சேம்மா?"

"ஆமா சார், அத்தனையும் வீண்! மொதல்லேர்ந்து அளக்கணும்!" என்று கரையே அதிரக் குதித்தாள்.

பொண்ணுக்கு எங்கேயோ வேலை கிடைத்துவிட்டது என்று நினைத்த தேவகி, தன் வலை தப்பியது தெரியாமலே, பலமாகக் கை தட்டினாள்.