மச்சான் கேட்டில் சிக்கிய எஞ்சின்

என் வீட்டுக்காரருக்கு ரயில் பைத்தியம். ரயிலில் போகிற பைத்தியம் இல்லை, ரயிலைப் பார்க்கிற பைத்தியம். நேரில் போய்ப் பார்த்தாலாவது உடம்பில் கொஞ்சம் வெயில் படும், நாலு மனுஷர் முகத்தில் முழிக்கலாம். இவர் கம்ப்யூட்டரில் பார்க்கிறார். தெருத்தெருவாகக் கார் ஓட்டிப் படமெடுத்து இணைய வரைபடத்தில் போட்டு வைத்திருக்கிறார்களே, அதில் ஒவ்வொரு ரயில்வே கேட்டாகப் போய் நின்று, அந்தக் கார் போன நேரத்தில் தப்பித் தவறி ஏதாவது ரயில் படத்தில் விழுந்திருக்கிறதா என்று தேடுவார். கிடைத்தால், இவரைப் போலவே வேலைவெட்டி இல்லாத ஒரு கூட்டம் ஃபோனில் குழு வைத்திருக்கிறது, அதில் போடுவார். எந்த எஞ்சின், அதைப் பராமரிக்கிறது எந்த ஷெட், எந்தத் தேதி என்று அவர்கள் துப்புத் துலக்குவார்கள். பரிசு ஒன்றும் கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் பள்ளிச் சீருடைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். இவர் நாற்காலி கவிழ எழுந்தார்.

“ஏய், ஓடி வா! உன் தம்பி கேட்லயே ஒண்ணு சிக்கியிருக்கு!”

என் தம்பி ரயில்வேயில் கேட் கீப்பர். வேலை நிரந்தரமாகி இன்னும் ஒரு வருஷம் திரும்பவில்லை. அவன் மனைவி வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறாள். குடியிருக்கிற வீடும் ரயில்வே கொடுத்ததுதான்.

படத்தில், வளைவில் ஒரு நீல எஞ்சின் மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. அந்த ரகம் இந்தப் பாதைக்கே வராதாம். சோதனை ஓட்டத்துக்காகச் சில நாள் மட்டும் வந்துபோனதாம். இவர் அதைக் கைக்குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எஞ்சின் கண்ணில் படவே இல்லை. கேட்தான் பட்டது. இரண்டு பக்கக் கட்டைகளும் வானத்தைப் பார்த்து நின்றன. ரயில் வருகிறது, கேட் திறந்து கிடக்கிறது. ரோட்டில் சிவப்புக் கொடியோடு ஒருத்தன். முகத்தை மங்கலாக்கியிருந்தார்கள். கூடப் பிறந்தவனை அடையாளம் தெரிய முகம் எதற்கு?

“கேட் ஏங்க திறந்திருக்கு?”

இவர் அப்போதுதான் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“குழுவுல போட்டுட்டீங்களா?”

“போட்டுட்டேன்.”

“எடுங்க முதல்ல!”

“இந்நேரம் எல்லாரும் இறக்கி வெச்சிருப்பாங்கடி. இப்ப அழிச்சா ஏன் அழிச்சேன்னு தோண்டுவாங்க. தோண்டறதுதான் அவங்க வேலையே.”

தம்பிக்கு ஃபோன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

“அக்கா, அன்னிக்கு ஒரு நாள்தான்க்கா திறந்து கிடந்துச்சு. ஸ்டேஷன்ல இருந்து கேட் மூடியாச்சான்னு கேட்டாங்க. மூடிட்டேன்னு சொல்லிட்டுத்தான் மூடவே போனேன். எப்பவும் அப்படித்தான், நிமிஷத்துல மூடிடலாம். அன்னிக்குன்னு பார்த்துக் கட்டை மாட்டிக்கிட்டு இறங்கல. கொடியைத் தூக்கிக்கிட்டு ரோட்டை மறிச்சு நின்னேன். அந்தப் படம் எடுக்கற காரை நிறுத்தினதே நான்தான்.”

“மேலிடத்துல சொன்னியா?”

“சொன்னா, மூடாமலே மூடினேன்னு சொன்னது வெளிய வந்துடுமே. வேலை போயிடும்க்கா. யார்கிட்டயும் சொல்லிடாத. என் வீட்லகூட தெரியாது.”

குழுவில் அதற்குள் ஒரே ஆர்ப்பாட்டம். படத்தில் மாதமும் வருஷமும்தான் போட்டிருந்தது. தேதியைக் கண்டுபிடிக்காவிட்டால் அவர்களுக்குச் சோறு இறங்காது. சைரன் என்று பட்டப்பெயர் வைத்திருந்த ஒருத்தர், எஞ்சின் முகப்பில் பெயிண்ட் புதுசு, அதனால் மாதக் கடைசி என்றார். இன்னொருத்தர் நிழலை வைத்துக் காலை வேளை என்றார். ஃபோன் டிங் என்று அடிக்கும்போதெல்லாம் ஊசியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். நாளும் வேளையும் தெரிந்துவிட்டால், அன்றைக்கு அந்த கேட்டில் யார் டியூட்டி என்று தெரிய எவ்வளவு நேரம் ஆகும்?

இவர் குட்டையைக் குழப்பப் பார்த்தார். ‘பெயிண்ட் பழசு மாதிரி தெரியுதே’ என்று எழுதினார். அவ்வளவுதான். ஆளாளுக்கு எஞ்சினை மட்டும் வெட்டிப் பெரிதாக்கிப் போட்டு இவருக்கு வகுப்பே எடுத்துவிட்டார்கள். போகிற போக்கில் தேதியையும் பிடித்துவிட்டார்கள். சோதனை ஓட்டத்தின் கடைசி நாள்.

“வாயை மூடிட்டு இருந்திருக்கக் கூடாதா?” என்றேன்.

“நான் ரயிலைத்தான்டி பார்த்தேன்.”

“ரயிலைத்தான் பார்ப்பீங்க. என் தம்பி தண்டவாளத்துல படுத்திருந்தாலும் எஞ்சின் நம்பரைத்தான் பார்ப்பீங்க.”

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். இவருக்குக் கண் கலங்கியிருந்தது. மச்சான் என்றால் இவருக்கும் உயிர்தான்.

அப்போது குழுவுக்குள் கன்ட்ரோல் என்பவர் வந்தார். ரயில்களின் போக்கைக் கவனிக்கிற கன்ட்ரோல் அறையில் வேலை, அதனால் அந்தப் பெயர். ‘நாளைக்கு ஆபீஸ் போனதும் அன்னிக்கு ரெக்கார்டை எடுத்துப் பார்த்து உறுதியா சொல்றேன்’ என்று எழுதியிருந்தார்.

ரெக்கார்டில் கேட் மூடியிருக்கும். படத்தில் திறந்திருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் தம்பி கதை முடிந்தது. இவர் முகம் கழுவக் குளியலறைக்குப் போனார். ஃபோன் மேஜையில் கிடந்தது. குழுவில் இருப்பவர்கள் ஒன்றும் பொல்லாதவர்கள் இல்லை, பைத்தியக்காரர்கள், அவ்வளவுதான் என்று நினைத்தேன். மனசு விட்டுக் கேட்டால் இரங்க மாட்டார்களா? ஃபோனை எடுத்து எழுதினேன்.

‘ஐயா, நான் அவரோட மனைவி. அந்தப் படத்துல இருக்கற கேட் கீப்பர் என் தம்பி. கட்டை மாட்டிக்கிச்சு, அவன் ரோட்டை மறிச்சு நின்னு எல்லாரையும் காப்பாத்தியிருக்கான். அவன் மனைவி பிள்ளைத்தாச்சி. கேட் திறந்திருந்ததை மட்டும் தயவுசெஞ்சு மேல கொண்டுபோயிடாதீங்க.’

அனுப்பினேன். காலையிலிருந்து ஓயாமல் அடித்த ஃபோன் வாயை மூடிக்கொண்டது.

பிறகு சைரன் எழுதினார். ‘எந்த கேட் சிஸ்டர்?’

விரலால் தள்ளித் தள்ளி மேலே போனேன். காலையிலிருந்து வந்த அத்தனை செய்தியையும் படித்தேன். பெயிண்ட், விளக்கு, சக்கரம், நிழல். கேட் என்று ஒருத்தர்கூட ஒரு வார்த்தை எழுதவில்லை. என் வீட்டுக்காரர் பார்க்காத மாதிரியே அவர்களில் யாருமே அதைப் பார்த்திருக்கவில்லை.

குளியலறையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஃபோன் மறுபடி டிங் என்றது. கன்ட்ரோல் ஒரு படத்தை வெட்டிப் பெரிதாக்கிப் போட்டிருந்தார். தூக்கி நிற்கிற கட்டை, அதன் கீழே என் தம்பி. அந்தக் குழுவில் ரயில் இல்லாமல் வந்த முதல் படம் அது.